அல் கூஸில் ஒரு டெலவேர்

அம்மையப்பனுக்கு லீவு இல்லை என்பதை முன்பெல்லாம் கம்பெனி ஒரே வார்த்தையில் சொல்லிவிடும். "மாஃபி" என்பார் கேம்ப் பாஸ் கௌஸ் முகம்மது. அரபியில் இல்லை என்று அர்த்தம். சொல்லிவிட்டு அவர் டீ குடிக்கப் போவார், அம்மையப்பன் டூட்டிக்குப் போவான். கேம்புக்கு ஜனநாயகம் வந்த பிறகு, அதே இல்லையைச் சொல்வதற்குப் பல கூட்டங்களும் ஒரு தேர்தலும் அமெரிக்காவிலிருந்து ஒரு வெள்ளைக்காரரும் தேவைப்பட்டார்கள். இதற்குத் தொழிலாளர் நல மேம்பாடு என்று பெயர். நோட்டீஸ் போர்டில் நான்கு மொழிகளில் ஒட்டியிருந்தார்கள். தமிழ் அந்த நான்கில் வரவில்லை.

கம்பெனியின் பெயரைச் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. அல் கூஸில் கிடங்குகளுக்கும் லாரி ஒர்க்‌ஷாப்புகளுக்கும் நடுவே கேம்ப் வைத்திருக்கிற எல்லாக் கம்பெனிகளும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஏ, பி, சி என்று மூன்று பிளாக்குகள். ரூமுக்குப் பன்னிரண்டு பேர். பாஸ்போர்ட் ஆபீஸில் பத்திரமாக இருக்கும். அதிகாலையில் பஸ் வரும், எல்லோரும் ஏறிப் போய் ஷேக் சையது ரோட்டில் ஒரு டவரைக் கொஞ்சம் உயர்த்திவிட்டுத் திரும்பி வருவார்கள்.

அம்மையப்பன் அறந்தாங்கிப் பக்கத்துக்காரன். ஷட்டரிங் கார்ப்பென்டர். அவன் லீவு கேட்கிற காரணம் ஒன்றுதான், அது அவன் தங்கச்சி மகனின் தலைமுடி. பானுமதியின் பிள்ளை அருள்முருகனுக்கு இன்னும் முடி இறக்கிக் காது குத்தவில்லை. குலசாமி கோயிலில் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் அதைச் செய்ய வேண்டும், அந்தப் பிள்ளைக்கு இருக்கிற ஒரே கூடப் பிறந்த மாமன் துபாயில் பலகை அடித்துக்கொண்டிருந்தான். முதல் லீவில் போனபோது பங்காளி வீட்டில் ஒரு சாவு விழுந்து தீட்டாகிவிட்டது. இரண்டாவது லீவு வரவேண்டிய நேரத்தில் டவர் வேலை தொடங்கிவிட்டது. பிள்ளைக்கு ஐந்து வயதாகி, முடி இடுப்புக்கு வந்து, பானுமதி இரட்டைச் சடை போட்டு ரிப்பன் கட்டிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப, டீச்சர் அவனைப் பெண் பிள்ளைகள் வரிசையில் உட்கார வைத்துவிட்டார். அவன் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்து, மாமன் எப்ப வரும் என்று கேட்டானாம். வைகாசியில் தேதி குறித்துவிட்டார்கள். இந்தத் தடவை தள்ளிப்போட முடியாது என்று பானுமதியின் மாமியார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

இந்த நிலைமையில்தான் பத்மநாபன் சார் டெலவேரிலிருந்து திரும்பி வந்தார்.

பத்மநாபன் கம்பெனியின் வெல்ஃபேர் மேனேஜர். தக்கலைக்காரர், ஷார்ஜாவில் ரோலாவில் குடும்பத்தோடு இருக்கிறார். தினமும் காலையில் இரண்டு மணி நேரம் டிராஃபிக்கில் உட்கார்ந்து வந்து, தொழிலாளர்களின் நலத்தைக் கவனித்துவிட்டு, மறுபடி இரண்டு மணி நேரம் டிராஃபிக்கில் உட்காரப் போவார். டவர் கட்டும் வேலையைக் கொடுத்த அமெரிக்கக் கம்பெனி, தொழிலாளர்கள் தாங்களே ஓட்டுப் போட்டு முடிவெடுக்கும் ஒரு சபை இருந்தால்தான் அடுத்த டவரும் உங்களுக்கு என்று சொல்லியிருந்தது. அந்தக் கம்பெனி டெலவேர் என்ற சின்ன மாநிலத்தில் பதிவானது. அதனால் ஜனநாயகம் கற்றுக்கொண்டு வரச் சொல்லிப் பத்மநாபனை அங்கேயே பத்து நாள் அனுப்பினார்கள். அவர் போகும்போது ஒரு பெட்டியோடு போனார், வரும்போது இரண்டு பெட்டியும் ஒரு குளிர் கோட்டுமாக வந்தார். அந்தக் கோட்டை அவர் அல் கூஸ் வெயிலிலும் முதல் கூட்டம் முடியும்வரை கழற்றவில்லை.

வெள்ளிக்கிழமை மெஸ்ஸில் கூட்டம். "டெலவேர் ரொம்பச் சின்ன ஸ்டேட்" என்று தொடங்கினார். "அமெரிக்கா மேப்புல ஒரு விரல் வச்சா மறைஞ்சிரும். மொத்தமே மூணு மாவட்டம். நம்ம கேம்புலயும் மூணு பிளாக்கு. இது கடவுளாப் பார்த்துச் செஞ்ச பொருத்தம்." அங்கே ஒரே கட்டடத்துக்குள் ஆயிரக்கணக்கான கம்பெனிகள் முகவரி வைத்திருக்கின்றன என்றும் ஆச்சரியத்தோடு சொன்னார். ஒரு ரூமில் பன்னிரண்டு பேராக இருப்பவர்களுக்கு அதில் ஆச்சரியப்பட ஒன்றும் தெரியவில்லை.

பொருத்தம் அரைகுறையாக இருக்கக் கூடாது என்பது பத்மநாபனின் கொள்கை. டெலவேரில் நூற்றுக்கு எழுபத்திரண்டு பேர் வெள்ளையர், இருபதுக்குக் கொஞ்சம் குறைவாகக் கறுப்பர், ஐந்து பேர் ஸ்பானிஷ் வழி வந்தவர்கள், ஆசியர்கள் இரண்டு பேர். மக்கள் இப்படிக் கலந்து இருந்ததால்தான் அங்கே ஜனநாயகம் செழித்தது, ஆகவே கேம்பும் இப்படித்தான் கலந்து இருக்க வேண்டும் என்றார். கௌஸ் முகம்மது மெஸ் டோக்கன்களை ஒரு பால்பவுடர் டின்னில் போட்டுக் குலுக்கினார். பிறந்ததிலிருந்து வெயிலில் நின்று கருத்த அம்மையப்பன் வெள்ளையன் ஆனான். ரோஜாப்பூ நிறத்தில் இருந்த பெஷாவர் பட்டாணியர்கள் கறுப்பர்கள் ஆனார்கள். அம்மையப்பனின் மேல்கட்டிலில் படுக்கிற வில்பிரட் குளச்சல்காரன், வெல்டர், கொஞ்ச காலம் கப்பலில் வேலை பார்த்தவன். பெயரைப் பார்த்ததும் அவனைக் குலுக்காமலே ஸ்பானிஷ் வரிசையில் தள்ளிவிட்டார்கள்.

சிக்கல் ஆசியர்களில் வந்தது. கேம்பில் இருந்த அத்தனை பேரும் இந்தியா, பாகிஸ்தான், வங்காளதேசம், நேபாளத்து ஆட்கள். அவர்களில் நூற்றுக்கு இரண்டு பேருக்கு மேல் ஆசியராக இருக்க இடமில்லை. ஒரு நேபாளி எழுந்து, தான் ஆசியன் என்று உறுதியாகத் தெரியும் என்றான். இருக்கலாம், ஆனால் கோட்டா முடிந்துவிட்டது என்றார் பத்மநாபன். ஆசியர் இடங்களை ஆபீஸ் ஸ்டாஃப் ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

இதில் ஒரே ஒரு நன்மை சி பிளாக்குக்குக் கிடைத்தது. டெலவேரின் தெற்கு மாவட்டத்தில் மனிதர்களைவிடக் கறிக்கோழிகள் பல மடங்கு அதிகம் என்பதால், அதற்கு ஈடான சி பிளாக்குக்கு வாரம் மூன்று நாள் கோழி போட உத்தரவானது. ஏ பிளாக்கில் பருப்பைக் கரைத்துக் குடித்துக்கொண்டிருந்த வெள்ளையர்கள், நம் மாவட்டத்தில் என்ன விளைகிறது என்று விசாரித்தார்கள். உங்கள் மாவட்டத்தில் வங்கிகள் அதிகம் என்று பதில் வந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை ஓட்டுச் சரித்திரம்.

டெலவேரிடம் பத்மநாபனைச் சொக்க வைத்த விஷயம் இதுதான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டிலிருந்து நூற்றாண்டின் கடைசிவரை ஜனாதிபதித் தேர்தலில் டெலவேர் யாருக்கு ஓட்டுப் போட்டதோ அவர்தான் அமெரிக்கா முழுவதும் ஜெயித்தார். ஒரு தடவைகூடத் தப்பவில்லை. இதைச் சொல்லும்போது அவர் கண் கலங்கியது நிஜம்.

"ஜனநாயகம்னா ஓட்டுப் போடுறது இல்ல தம்பிகளே. ஓட்டை யார் வேணும்னாலும் போடுவான். ஜெயிக்கிற பக்கம் போடணும். தோக்குற பக்கம் போட்ட ஓட்டு யாருக்கு என்ன பிரயோசனம்? உங்க ஓட்டு ஒண்ணுகூட வீணாப் போகக் கூடாது, அதுதான் இந்த மேனேஜ்மென்ட்டோட கவலை."

ஓட்டு வீணாகாமல் இருக்க அவரே ஒரு வழியும் கண்டுபிடித்திருந்தார். முதலில் முடிவு நோட்டீஸ் போர்டில் ஒட்டப்படும். அதைப் படித்துவிட்டு மக்கள் ஓட்டுப் போடுவார்கள். டெலவேர்க்காரர்கள் முடிவு தெரியாமலேயே இத்தனை வருடம் சரியாகப் போட்டார்கள் என்றால், தெரிந்த நாம் எவ்வளவு சரியாகப் போடலாம் என்று கேட்டார்.

ஆனால் நேற்றுத்தான் ஜனநாயகம் வந்த கேம்புக்குச் சரித்திரம் ஏது? அதையும் அன்றைக்கே முடித்துவிட்டார்கள். காலை டீக்கு முன்னால் ஐம்பத்திரண்டாம் வருடத் தேர்தல் நடந்தது. டிவியில் கிரிக்கெட்டா சினிமாவா என்பது கேள்வி, முடிவு கிரிக்கெட். எல்லோரும் கிரிக்கெட்டுக்குப் போட்டார்கள். சாப்பாட்டுக்குள் அறுபதுகளைத் தாண்டி, ஜும்ஆ தொழுகைக்கு எழுபதுகளில் நிறுத்தி, சாயங்காலத்துக்குள் தொண்ணூற்றாறு வரை வந்து சேர்ந்தார்கள். நடுவில் அம்மையப்பனுக்குக் கழிப்பறைக்குப் போக வேண்டியிருந்தது. திரும்பி வந்தபோது, அறுபத்தெட்டில் ஓட்டுப் போடாமல் போய்விட்டாயே என்று கௌஸ் முகம்மது கடிந்துகொண்டார். அந்த வருடம் தன் அப்பாவுக்கே கல்யாணம் ஆகியிருக்கவில்லை என்று அவன் சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை. பழைய வருடத்துக்கு அவனைத் திரும்ப அழைத்துப் போய் ஓட்டுப் போட வைத்தார்.

அரை நூற்றாண்டு ஜனநாயகத்தை ஒரு நாளில் பார்த்துவிட்ட தைரியத்தில் அம்மையப்பன் மறுநாள் பத்மநாபனின் ரூமுக்குப் போனான். தங்கச்சி மகன், முடி, குலசாமி, வைகாசி எல்லாவற்றையும் சொன்னான்.

பத்மநாபன் பொறுமையாகக் கேட்டார். வேறு யார் மடியிலாவது உட்கார வைக்க முடியாதா என்று கேட்டுப் பார்த்தார். அதெப்படி சார், மாமன் உசுரோட இருக்கும்போது என்றான் அம்மையப்பன். போன மாதமாக இருந்தால் நானே முடியாது என்று சொல்லியிருப்பேன், இப்போது எனக்கு அந்த அதிகாரம் இல்லை, எல்லாம் மக்கள் கையில் போய்விட்டது என்று வருத்தமாகச் சொன்னார் அவர். லீவு விஷயத்தைச் சபையில் தீர்மானமாக வைக்கிறேன், நம் சபையைச் சோதிக்க அமெரிக்காவிலிருந்து ஆடிட்டர் வருகிற வாரத்தில் வைத்தால் அவரும் பார்த்த மாதிரி இருக்கும் என்றார். அம்மையப்பன் அவர் கையைப் பிடித்து நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தான். மெஸ் வாசலைத் தாண்டும்போது கௌஸ் முகம்மது நோட்டீஸ் போர்டில் முடிவை ஒட்டிக்கொண்டிருந்தார், இந்தத் தடவை தமிழிலும். 'அம்மையப்பனுக்கு லீவு இல்லை. ஓட்டுப்பதிவு வரும் வெள்ளிக்கிழமை.'

வியாழக்கிழமை ஆடிட்டர் வந்தார். அதற்கு முன்பே போர்டிலிருந்த தாளை எடுத்துவிட்டார்கள், எல்லோரும் படித்தாகிவிட்டதால் ஒன்றும் குறையில்லை. ஆடிட்டர் டெலவேரிலேயே பிறந்து வளர்ந்தவர், வயதானவர், சிரித்த முகம். அவரைக் கேம்ப் முழுக்கச் சுற்றிக் காட்டினார்கள். சி பிளாக்கில் கோழி சாப்பிட வைத்தார்கள். பட்டாணியர்களைக் கறுப்பர்கள் என்று அறிமுகப்படுத்தியபோது அவர் ஒரு நிமிடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார், ஆனால் மரியாதையான மனிதர், எதுவும் கேட்கவில்லை.

ஏ பிளாக்குக்கு வந்தபோது பத்மநாபனுக்குப் போன் வந்து வெளியே போனார். கப்பலில் ஆங்கிலம் பழகியிருந்த வில்பிரட்டிடம் ஆடிட்டர் பேச்சுக் கொடுத்தார். எங்கள் மாநிலத்தின் ஓட்டுப் பெருமையை உங்கள் மேனேஜர் விடாமல் சொல்கிறார், ஆனால் அது இரண்டாயிரத்திலேயே முடிந்துபோய்விட்டதே என்றார். அந்த வருடம் டெலவேர் போட்ட ஆள் தோற்றுப்போனார், அடுத்த தேர்தலிலும் அதே கதைதான். வில்பிரட் இதைத் தமிழில் சொன்னதும் அம்மையப்பன் கட்டிலிலிருந்து இறங்கி வந்துவிட்டான். தோற்ற பக்கம் போட்டதற்கு அவர்களை என்ன செய்தார்கள் என்று கேட்கச் சொன்னான். கரண்டை நிறுத்தினார்களா, ஊருக்கு அனுப்பினார்களா?

ஆடிட்டர் சிரித்தார். ஒன்றும் செய்யவில்லை, மறுநாள் காலையில் எல்லோரும் வழக்கம்போல வேலைக்குப் போனோம் என்றார்.

அம்மையப்பனுக்கு அன்று சாயங்காலம் கால் தரையில் பாவவில்லை. ரூமில் இருந்த அத்தனை பேரையும் உட்கார வைத்துப் பேசினான். டெலவேரே எதிர்த்துப் போட்டிருக்கிறது, நாமும் போடலாம், அதுவும் வெள்ளைக்காரர் பார்த்துக்கொண்டிருக்கும்போது யாரும் நம்மைத் தொட முடியாது என்றான். வாழ்க்கையில் அவன் இவ்வளவு நேரம் சேர்ந்தாற்போலப் பேசியது அன்றுதான். பேச்சின் நடுவே பானுமதி அனுப்பியிருந்த போட்டோவை எடுத்துக் காட்டினான். இரட்டைச் சடையும் சிவப்பு ரிப்பனுமாக ஒரு பையன் முறைத்துக்கொண்டு நின்றான். பார்த்தவர்கள் சிரித்தார்கள், பிறகு சிரித்ததற்கு வருத்தப்பட்டார்கள். அருள்முருகனுக்காக லீவு வேண்டும் என்கிற மஞ்சள் சீட்டுத்தான் என்று ஒவ்வொருவரும் சொன்னார்கள். பக்கத்து ரூம்காரர்களும் வந்து சொன்னார்கள். வில்பிரட் தன் கழுத்து ஜெபமாலையைத் தொட்டுச் சொன்னான்.

"நீ நிம்மதியாத் தூங்கு மக்கா. உனக்கில்லாம வேற யாருக்குப் போடப் போறேன்?"

வெள்ளிக்கிழமை மெஸ்ஸில் ஓட்டுப்பதிவு. ஒளிவு மறைவு இல்லாத தேர்தல் என்பதைக் காட்டுவதற்காகப் பத்மநாபன் வாட்டர் கூலரில் கவிழ்க்கிற பெரிய தண்ணீர்க் கேனை ஓட்டுப் பெட்டியாக வைத்திருந்தார். உள்ளே விழுகிற சீட்டு நாலாபக்கமும் தெரியும். லீவு இல்லை என்பதற்கு நீலச் சீட்டு, லீவு வேண்டும் என்பதற்கு மஞ்சள் சீட்டு. இரண்டையும் ஒவ்வொருவர் கையிலும் கொடுத்து, ஒரு சாக்குத் திரைக்குப் பின்னால் அனுப்பினார்கள். அங்கே ஒன்றை மடித்து எடுத்துக்கொண்டு வந்து கேனில் போட வேண்டும். மிச்சத்தைக் கௌஸ் முகம்மதுவிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். யல்லா யல்லா, ஜல்தி என்று அவர் வரிசையை நகர்த்திக்கொண்டே இருந்தார்.

தொடங்குவதற்கு முன் பத்மநாபன் பேசினார். ஆடிட்டர் பக்கத்தில் இருந்ததால் ஆங்கிலத்தில் ஆரம்பித்து, அவருக்குப் புரியக் கூடாத இடங்களில் தமிழுக்கு வந்தார், அதைக் கௌஸ் முகம்மது மற்றவர்களுக்கு இந்தியில் சொன்னார்.

"சுதந்திரமாப் போடுங்க. யாரும் உங்களைக் கேட்க மாட்டாங்க. நம்ம சரித்திரத்தை மட்டும் ஒரு நிமிஷம் நினைச்சுப் பாருங்க. ஐம்பத்திரண்டுலேருந்து ஒரு தடவைகூட நாம தோத்தது இல்ல. இன்னொண்ணு, ஜெயிக்கிற பக்கம் போட்டவங்கள்ல ஒருத்தருக்கு மேனேஜ்மென்ட் ஒரு மாச லீவு தரப்போகுது. ஒருத்தர் போறதால டவர் ஒண்ணும் நின்னுடாது."

ஒருத்தன் போவதால் டவர் நின்றுவிடாது என்று அம்மையப்பன் இரண்டு வருடமாக அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தான். அவர் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார் என்று அவனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அவன்தான் முதலில் போட்டான். மஞ்சள் சீட்டு கேனின் அடியில் போய் விழுந்தது. பிறகு ஓரமாக நின்று பார்த்தான். பட்டாணியர்கள் வந்தார்கள், நீலம். சி பிளாக் வந்தது, நீலம். அதை அவன் எதிர்பார்த்தான், கோழி தின்றவர்களிடம் வேறு என்ன எதிர்பார்ப்பது. ஏ பிளாக் வர ஆரம்பித்ததும் நிமிர்ந்து நின்றான். பக்கத்து ரூம்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டு போட்டார்கள். நீலம். அவன் ரூம்காரர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். அவனோடு ஒரே சட்டியில் குழம்பு வைத்துச் சாப்பிடுகிறவர்கள், அவனுக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி காய்ச்சிக் கொடுத்தவர்கள். எல்லாம் நீலம். கடைசியில் வில்பிரட் வந்தான். திரைக்குப் பின்னால் கொஞ்ச நேரம் நின்றான், அந்தக் கொஞ்ச நேரத்தில் அம்மையப்பன் குலசாமியைக் கூப்பிட்டான். வில்பிரட் வெளியே வந்து, அவனைப் பார்க்காமல், கையைக் கேனின் வாய்க்குள் முழுக்க விட்டுச் சீட்டைப் போட்டான். எவ்வளவு உள்ளே விட்டாலும் கேன் கேன்தான், நிறம் தெரிந்தது.

அம்மையப்பனுக்கு லீவு போனதைவிட இது பெரிதாக வலித்தது. இரண்டு சீட்டு, மூன்று சீட்டு மஞ்சளாக இருந்திருந்தால்கூடத் தோற்றுவிட்டோம் என்று சொல்லிக்கொண்டு நகர்ந்து போயிருப்பான். நீலக் குவியலின் அடியில் ஒரு மஞ்சள் சீட்டுத் தனியாக ஒட்டிக்கொண்டு தெரிந்ததை எல்லோரும் பார்த்தார்கள்.

ஆடிட்டர் குனிந்து அதைக் கவனித்தார். அவர் முகம் மலர்ந்தது. எல்லாம் ஒரே நிறமாக இருந்திருந்தால் தனக்குச் சந்தேகம் வந்திருக்கும் என்றும், இந்த ஒரு சீட்டுதான் இங்கே மக்கள் பயமில்லாமல் ஓட்டுப் போடுகிறார்கள் என்பதற்கு அத்தாட்சி என்றும் சொன்னார். யார் போட்டது என்று கேட்டு, அம்மையப்பனைக் கேன் பக்கத்தில் நிறுத்திப் போட்டோ எடுத்தார். சிரிக்கச் சொன்னார். கௌஸ் முகம்மது அதை இந்தியில் சொன்னார். அவனும் சிரித்தான், மாட்டேன் என்று சொல்ல அந்த நேரத்தில் அவனிடம் தெம்பு இல்லை. கம்பெனிக்கு அடுத்த டவரும் கிடைத்தது.

பத்மநாபன் மறுநாள் அவனை ஆபீஸுக்குக் கூப்பிட்டு, உட்கார நாற்காலி போட்டு, டீ வரவழைத்தார்.

"நீ மட்டும் மஞ்சள் போடலேன்னா நாம ஃபெயிலாகியிருப்போம் அம்மையப்பா. ஒரே ஒருத்தன் எதிர்த்துப் போடணுமேன்னு ராத்திரி பூராச் சாமி கும்பிட்டேன். நீ போடுவேன்னு எனக்கு நம்பிக்கை இருந்துச்சு."

அப்படியென்றால் லீவு என்று அம்மையப்பன் இழுத்தான். பத்மநாபனுக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. நாமே ஜனநாயகத்தை மீறலாமா என்று கேட்டார். லீவு ஜெயித்த பக்கத்து ஆளுக்குத்தான், அது வில்பிரட்டுக்குப் போகிறது, ஆடிட்டரிடம் அழகாக இங்கிலீஷ் பேசியதற்காக என்றார். டீ ஆறிப்போயிருந்தது, அம்மையப்பன் அதைக் குடித்துவிட்டு வந்தான்.

வில்பிரட் மூன்று நாள் மேல்கட்டிலிலிருந்து இறங்கவே தயங்கினான். டிக்கெட் வந்த அன்று, பெட்டியை மூடிக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் பேசினான்.

"எல்லாவனும் மஞ்சள்தான் போடுவானுவன்னு நெனச்சேன் மக்கா. நான் ஒருத்தன் நீலம் போட்டா என்ன வரப்போவுது, நீ எப்படியும் ஜெயிச்சிருவே, எனக்கும் லீவுக்கு ஒரு வழி கெடக்கட்டும்னு நெனச்சேன். சத்தியமா உனக்குக் கெடைக்காமப் போவும்னு நெனக்கல்ல."

ரூமில் இருந்த மற்றவர்கள் திடீரென்று ஆளுக்கொரு வேலை பார்க்கத் தொடங்கினார்கள். ஒருவன் காய்ந்த சட்டையை மறுபடி மடித்தான், இன்னொருவன் செருப்பைத் துடைத்தான். எல்லோரும் இதையேதான் நினைத்திருக்கிறார்கள் என்று அம்மையப்பனுக்குப் புரிந்தது. இவ்வளவு பேருக்கும் அவன் ஜெயிப்பான் என்று நம்பிக்கை இருந்திருக்கிறது. அந்த நம்பிக்கையில்தான் அவனைத் தோற்கடித்திருக்கிறார்கள்.

வில்பிரட்டை அடிக்க வேண்டும் போலவும், கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல், கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தான். பிள்ளைக்குப் பட்டு வேட்டி, சட்டை, தேரா கடைத்தெருவில் வாங்கிய தங்கக் கடுக்கன், பானுமதிக்கு ஒரு சேலை. மாமன் சீர். தபாலில் அனுப்ப முடியாத சாமான், அந்த வாரம் ஊருக்குப் போகிற வேறு ஆளும் இல்லை. விசேஷத்துக்கு முந்தின நாள் திருச்சியில் இறங்கி அறந்தாங்கி வழியாகப் போய்க் கையிலேயே கொடுத்துவிட்டுத்தான் குளச்சலுக்குப் போவேன் என்றான் வில்பிரட். அவன் அதைச் செய்வான் என்பதில் அம்மையப்பனுக்குச் சந்தேகமில்லை. தங்கத்தைக் கொடுத்தால் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கிற ஆள்தான் அவன், ஓட்டில்தான் வழுக்கிவிட்டான்.

வைகாசியில் அந்த நாளும் வந்தது. வெள்ளிக்கிழமையாக இருந்தது. சி பிளாக்கில் கோழியை நிறுத்தியிருந்தார்கள், மூன்று மாவட்டங்களும் பருப்பில் சமமாகிவிட்டன. மெஸ் சுவரில் அம்மையப்பனின் போட்டோவைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். கேன் பக்கத்தில் நின்று சிரிக்கிறான். எதிர்ப்பாளரின் குரலையும் மதிக்கிறோம் என்று கீழே ஆங்கிலத்தில் எழுதியிருப்பதாகச் சொன்னார்கள். செல்போனுக்கு அங்கேதான் சிக்னல் நன்றாகக் கிடைக்கும் என்பதால் அந்தச் சுவரை ஒட்டியே நின்று ஊருக்குப் போட்டான்.

பானுமதிதான் எடுத்தாள். பின்னால் மேளமும், பிள்ளையின் அழுகையும், யாரோ யாரையோ அதட்டுவதும் கேட்டன. ஒரே மூச்சில் பேசினாள். நல்ல நேரம் முடியப் போகிறது என்று பூசாரி அவசரப்படுத்தினாராம். சின்னய்யா மகன் முறைக்கு மாமன்தானே, அவன் மடியில் உட்கார வைக்கலாம் என்று பெரியவர்கள் சொன்னார்களாம். வரப்புத் தகராறில் அப்பாவைக் கை நீட்டி அடித்தவன் மடியில் என் பிள்ளையை வைக்க மாட்டேன் என்று இவள் ஒற்றைக் காலில் நின்றாளாம்.

"அதான் ஒன் ரூம்காரரையே உக்கார வச்சிட்டோம்ணே. தங்கமான மனுசன். ஒனக்காகவே லீவு போட்டு, சீரெல்லாம் தூக்கிக்கிட்டு இம்புட்டுத் தூரம் வந்துருக்காரு. மாட்டேன் மாட்டேன்னு அழுதாரு, நாங்கதான் விடல."

உட்கார வைத்துவிட்டீர்களா, இனிமேல்தானா என்று கேட்டான்.

"உக்காந்தாச்சுண்ணே. பாதி முடி எறக்கியாச்சு. நீயும் சரின்னு ஒரு வார்த்தை சொல்லிரு. தாய்மாமனக் கேக்காமச் செஞ்சாங்கன்னு நாளைக்கு ஒரு பேச்சு வரக் கூடாது பாரு."

பிள்ளையின் அழுகை நின்றிருந்தது. கத்தி நடமாடும்போது அசையாமல் இருக்கச் சொல்லி ஒரு ஆண்குரல் குளச்சல் தமிழில் கொஞ்சுவது கேட்டது. அம்மையப்பன் சுவரில் சாய்ந்துகொண்டான். மேலே சட்டத்துக்குள் அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

"சரி" என்றான்.

மாமன் சரின்னுடுச்சு என்று பானுமதி கூவுவதும், பெண்கள் குலவையிடுவதும் கேட்டன. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.